‘இணை’க்கும் ‘வேறு’க்கும் நடுவில் ஒரு ழ

என் அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் பேய் பிடிக்கிற வேலை பார்க்கிறாள். நியமன ஆணையில் ‘மாணவர் பதிவு உதவியாளர்’ என்று கௌரவமாகப் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் ‘டேட்டா அக்கா’ என்கிறார்கள். பேயை அவள் பிடிக்கிறாளா, பேய் அவளைப் பிடித்திருக்கிறதா என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உண்டு. சாப்பிடும்போதும் அடையாள எண் முணுமுணுப்பதால் இரண்டாவது கட்சிக்குப் பெரும்பான்மை.

பேய் என்று நான் சொல்வது, பட்டியலில் இருந்தும் வகுப்பில் இல்லாத பிள்ளையை. குடும்பம் வேறு ஊருக்குப் போயிருக்கும். பெயர் மட்டும் இங்கேயே குடியிருக்கும். சும்மா இருந்துவிட்டால் பரவாயில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அரசாங்கம் ஒரு பொதுத்தேர்வு வைக்கிறது. அதில் மதிப்பெண் வாங்குவது பிள்ளைகள், பாஸோ ஃபெயிலோ ஆவது பள்ளிக்கூடம். பட்டியலில் உள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது வந்து எழுத வேண்டும். வராதவருக்குப் பூஜ்யம். பேய்க்கும் பூஜ்யம். போன வருஷம் அக்கா வேலைக்கு வருவதற்கு முன், அந்தப் பள்ளியின் பேய்கள் ஒன்றுகூட தேர்வுக்கு வரவில்லை. விளைவு, வாசலில் சிவப்பு எழுத்தில் ‘தனிக் கவனிப்புக்குரிய பள்ளி’ என்று ஒரு பலகை. இரண்டாவது வருஷமும் சிவப்பு என்றால் பள்ளியை மூடி, பிள்ளைகளை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். லாரிகள் பறக்கும் சாலை. அதைப் பிள்ளைகள் எப்படிக் கடப்பார்கள் என்பதற்கு உத்தரவில் பத்தி எதுவும் இல்லை.

அக்காவுக்கு ஒரு விதி உண்டு. ஆளைப் பார்க்காமல் யாரையும் அழிக்க மாட்டாள். ஆள் போய்விட்டிருந்தால், போன இடத்துப் பள்ளியிலிருந்து ‘இங்கேதான் இருக்கிறான்’ என்று எழுத்தில் வர வேண்டும். இந்த விதிக்குக் காரணம் ஒரு எட்டாம் வகுப்புப் பையன். பழைய ஆள் யாரோ அவனை நீக்கும்போது, காரணப் பட்டியலில் ‘இடமாற்றம்’ என்பதற்கு அடுத்த வரியைத் தொட்டுவிட்டார்கள். அடுத்த வரி ‘இறப்பு’. பையன் வேறு ஊருக்குப் போய், பிடிக்காமல் திரும்பி வந்துவிட்டிருந்தான். அக்கா அவனை முதலில் பார்த்தபோது, சிஸ்டத்தில் இறந்தவன் மைதானத்தில் நின்று அது கோலே இல்லை என்று தொண்டை கிழிய வாதாடிக்கொண்டிருந்தான். அவனை உயிர்ப்பிக்க மூன்று படிவமும் ஒரு மருத்துவச் சான்றும் தேவைப்பட்டன. மருத்துவர், ‘நோயாளி உயிரோடு இருக்கிறார், வேறு குறையில்லை’ என்று எழுதிக் கொடுத்தார்.

வருஷம் முழுக்க ஓடி அக்கா பேய்களை ஒவ்வொன்றாக வழியனுப்பினாள். பட்டியல் திருத்தத்துக்குக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குக் கதவு மூடப்படும். அன்று காலை மிச்சமிருந்தது ஒரே ஒரு பேய், ஆறாம் வகுப்பில்.

கல்லூரி விடுமுறையில் வீட்டில் கிடந்த என்னை அக்கா காலைப் பிடித்து இழுத்தாள். உவமை இல்லை, உண்மையிலேயே காலை.

“டேய், எந்திரி. ஸ்கூட்டர் சாவி எங்க?”

“நீ போ, உனக்கு ஓட்டத் தெரியும்ல?”

“எனக்கு ரெண்டு கையும் வேணும். ஒண்ணுல ஃபைலு, ஒண்ணுல ஃபோனு. உன்னால சமுதாயத்துக்கு ஒரு நாளாச்சும் உபயோகம் இருக்கட்டும்.”

“சமுதாயம் கேட்டுச்சா?”

“நான் கேக்கிறேன்.”

எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றுதான்.

அலுவலக அறை ஜன்னலை அலமாரி மறைத்திருந்ததால் பகலிலும் விளக்கு எரிந்தது. கணினிக்கு எதிரே தலைமை ஆசிரியை நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அவரை எல்லோரும் ஹெச்.எம். என்பார்கள். பக்கத்தில் உதவித் தலைமை ஆசிரியர், கணக்கு வாத்தியார். எந்தப் பேச்சையும் கூட்டி வகுத்து முடிப்பவர் என்பதால் பிள்ளைகள் அவருக்கு ‘சராசரி சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். ஒருமுறை தானே அப்படிக் கையெழுத்துப் போடப் போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டதாகக் கேள்வி.

திரையில் இரண்டு பதிவுகள் அருகருகே இருந்தன. பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. அது பட்டபாடு போதும். நடுவில் ஒரு ழ வரும் பெண் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிஸ்டம் ஆங்கில எழுத்தில்தான் பெயர் வாங்கும். ஆங்கிலத்தில் ழ கிடையாது. ஆகவே ஒரு பதிவில் அந்த எழுத்தை இசட்-ஹெச் என்றும், இன்னொன்றில் எல் என்றும் அடித்திருந்தார்கள். இனிஷியல் ஒன்று. கதவு எண் ஒன்று. ஃபோன் எண் ஒன்று. பிறந்த தேதி ஒன்றில் 04-03, மற்றதில் 03-04. வருஷமும் ஒன்றே. அப்பாவுக்கு அந்த மென்பொருள் ஓர் எழுத்து ஒதுக்கியிருக்கிறது. அம்மா பெயருக்கும் ஒரு கட்டம் உண்டு, ஆனால் நிரப்புவது கட்டாயமில்லை. அம்மாக்களுக்கு இது புதிதல்ல.

இசட்-ஹெச் தினமும் பள்ளிக்கு வருகிறாள். எல் பள்ளி திறந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட வரவில்லை. கீழே சிஸ்டம் தன் கருத்தை மஞ்சள் பட்டையில் சொல்லியிருந்தது: ‘ஒரே நபராக இருக்க வாய்ப்பு மிக அதிகம்.’ அதன் கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று ‘இணை’. மற்றது ‘வேறு’.

“இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?” என்றார் சராசரி சார். “ழ-வை ஒருத்தர் ஒரு மாதிரி அடிச்சிருக்காங்க, இன்னொருத்தர் இன்னொரு மாதிரி. தேதியில நாளும் மாசமும் இடம் மாறியிருக்கு. ஒரே பொண்ணு, ரெண்டு என்ட்ரி. இணைன்னு அமுக்கு, டீ குடிக்கப் போவோம்.”

“நான் ஆளைப் பாக்கலையே சார்.”

“இல்லாத ஆளை எப்படிம்மா பாப்ப?”

“இல்லைன்னு பாக்கணும்ல.”

ஹெச்.எம். கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “காய்ச்சல் சீசன் வேற. வராதவங்க கணக்கு எல்லாம் போட்டுப் பாத்தாச்சு. நமக்கும் சிவப்புக்கும் நடுவுல ஒரே ஒரு பேர்தான் இருக்கு. அந்த ஒரு பேர் இந்தப் பேயா இருந்தா நான் என்னம்மா பண்ணுவேன்?”

“அஞ்சு மணிக்குள்ள சொல்லிடறேன் மேடம். வீடு பக்கத்துலதான்.”

“அதே வீட்டுக்குத்தான போற? அங்க அந்தப் பொண்ணுதான் இருப்பா. அவளும் இப்ப இங்க வகுப்புல இருக்கா.”

“அதான் மேடம், அங்க யாரும் இல்லைன்னு பாத்துட்டு வந்துடறேன்.”

ஹெச்.எம். வாசல் பக்கம் கையைக் காட்டினார். இந்த மாதிரி வாதத்துக்குப் பதிலை நானும் பல வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வீடு இரண்டு மாடி. வெளிப்புறமாக ஒரு படிக்கட்டு. கீழே பூட்டு, மேலே பூட்டு. இரண்டு பூட்டும் ஒரே கம்பெனி. எதிர்க்கட்டடத்தில் ஒரு தையல்காரர், வாயில் ஊசியை வைத்துக்கொண்டே எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

அக்கா பதிவிலிருந்த பெயரைச் சொல்லி, “அந்தப் பொண்ணு வீடு இதானேண்ணே?” என்றாள்.

அவர் ஊசியை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார். “எது? மேல்வீட்டுப் பொண்ணா, கீழ்வீட்டுப் பொண்ணா?”

அக்கா ஃபைலைத் திறந்து மறுபடி பார்த்தாள். “ரெண்டு பேர் இருக்காங்களா?”

“அண்ணன் மக ஒண்ணு, தம்பி மக ஒண்ணு. ரெண்டுக்கும் யூனிஃபார்ம் நான்தான் தச்சேன். ஒண்ணுக்குக் கை கொஞ்சம் நீளம்.”

“பேரு?”

“அதே பேருதான். ரெண்டு பேரும் அவங்கம்மா பேரை வச்சுட்டாங்க. அண்ணனும் விடலை, தம்பியும் விடலை. கூப்பிட்டா ரெண்டும் ஓடி வரும்மா. அதனால இந்தத் தெருவுல யாரும் அந்தப் பேரைக் கூப்பிடறதே இல்ல.”

“ரெண்டாவது பொண்ணு எங்க படிக்குது?”

“என்னம்மா கேள்வி இது? ரெண்டும் காலையில கையைக் கோத்துக்கிட்டு உங்க ஸ்கூலுக்குத்தான் வருதுங்க.”

நான் ஸ்கூட்டரை ஓட்டத் தெரிந்த அத்தனை வேகத்திலும் ஓட்டினேன். பின்னாலிருந்து அக்கா என் தோளில் ஃபைலால் அடித்துக்கொண்டே வந்தாள். அது வேகமாகப் போகச் சொல்லியா, மெதுவாகப் போகச் சொல்லியா என்று கடைசிவரை தெரியவில்லை.

ஆறாம் வகுப்பில் அப்போது சராசரி சாரின் பாடவேளை. அந்த வகுப்பின் ஆசிரியை பள்ளி திறந்த வாரமே பிரசவ விடுப்பில் போய்விட்டிருந்தார். போவதற்கு முன் வருகைப் பதிவேட்டில் பெயர்களை எழுதியவர், ஒரே பெயர் இரண்டு முறை வருகிறதே என்று நல்லெண்ணத்தோடு ஒன்றை விட்டுவிட்டார். அதன்பிறகு வேளைக்கு ஒரு வாத்தியார் வந்து போகிற வகுப்பு அது. பெஞ்சுக்கு நாலு பேர், கடைசி வரிசையில் ஐந்து பேர்.

அக்கா வாசலில் நின்று பெயரைக் கூப்பிட்டாள். பொதுவாக உள்ளே ஓடிப்போய்ப் பேசுபவள்; அன்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள்.

“ஏய், நீ ஏன் எந்திரிக்கிற? உட்காரு,” என்றார் சராசரி சார் கடைசி பெஞ்சைப் பார்த்து.

“என்னையும்தான சார் கூப்பிட்டாங்க,” என்றாள் அவள். சட்டைக் கை கொஞ்சம் நீளம்.

“உன் பேரு என்ன?”

சொன்னாள்.

சார் சாக்பீஸை மேசையில் வைத்தார். “வருகை எடுக்கும்போது நீ எங்க இருந்த?”

“இங்கதான் சார். உள்ளேன் சார்னு சொல்வேனே.”

“அவ சொல்லுவாளே?”

“நாங்க சேந்து சொல்வோம் சார். ஒரு தடவைதான கூப்பிடுவீங்க.”

பாதி வருஷம் அந்த வகுப்பில் ஒரு பெயருக்கு இரண்டு குரல் பதில் சொல்லியிருக்கிறது. அறையில் எதிரொலி என்று வாத்தியார்கள் நினைத்திருக்கிறார்கள். சுவர்களுக்குத் துணி ஒட்டச் சொல்லி அறிவியல் ஆசிரியர் மனுகூடக் கொடுத்திருந்தார்.

“நீயாச்சும் சொல்லக்கூடாதா?” என்று அக்கா இரண்டாவது பெஞ்சைக் கேட்டாள்.

“யாரும் கேக்கலையே அக்கா. அவ என் தங்கச்சி. எல்லாருக்கும் தெரியும்.”

வகுப்பே ஆமாம் என்றது. உண்மையிலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது, பெரியவர்களைத் தவிர.

அலுவலக அறைக்குத் திரும்பியதும் சராசரி சார் தன் மதிப்பெண் ஏட்டை எடுத்து மேசையில் போட்டார். அந்தப் பெயருக்கு நேரே எண்கள் ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே என்று ஆடின. எந்த விடைத்தாள் கடைசியாகக் கைக்கு வந்ததோ அந்த மதிப்பெண்ணை எழுதியிருக்கிறார். ஓரத்தில் அவர் கையெழுத்தில் ஒரு குறிப்பு: ‘கவனம் சிதறும் மாணவி. ஒரு நாள் போல் ஒரு நாள் இல்லை.’

“ஒண்ணுல எழுபத்தெட்டு, ஒண்ணுல முப்பத்திநாலு,” என்றார் மெதுவாக. “சராசரி ஐம்பத்தாறுன்னு பெற்றோர் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு சொன்னேன். ஐம்பத்தாறு வாங்கின பொண்ணு இந்த உலகத்துலயே இல்லையேம்மா!”

அக்கா கணினியின் முன் உட்கார்ந்தாள். அம்புக்குறி ‘வேறு’ பக்கம் நகர்ந்தது.

“இரும்மா,” என்றார் ஹெச்.எம். “அதை அமுக்கினா என்ன ஆகும்?”

அக்கா விளக்கினாள். ‘இணை’ என்றால் அந்த நொடியே முடிந்தது. எல் பதிவு மறைந்துவிடும், யாருடைய அனுமதியும் தேவையில்லை. ‘வேறு’ என்றால் சான்று ஏற்ற வேண்டும், வட்டார அதிகாரி பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்து மணிக்குள் அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் பதிவு ‘விசாரணையில்’ என்று நின்றுவிடும். அப்படி நின்றால் பட்டியலில் அவள் பெயர் இருக்கும், ஆனால் அவளுக்கு விடைத்தாள் வராது. விடைத்தாள் இல்லாததால் எழுத முடியாது. எழுதாததால் அவள் வராதவள். அவள் வராவிட்டால் சிவப்பு.

இதை ஒரு தனிமனிதரால் யோசித்திருக்க முடியாது. குழு அமைத்துத்தான் யோசித்திருப்பார்கள்.

“அப்ப இணைன்னு அமுக்கினா பள்ளிக்கூடம் தப்பிக்கும். வேறுன்னு அமுக்கினா அந்த அதிகாரி கையில இருக்கு,” என்றார் ஹெச்.எம்.

“ஆமா மேடம்.”

“அவர் ஃபோன் எடுப்பாரா?”

“எடுக்கிறது அபூர்வம்தான்.”

சராசரி சார் தொண்டையைக் கனைத்தார். “நான் ஒரு யோசனை சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப இணைச்சிடுவோம். தேர்வு முடிஞ்சதும் அடுத்த மாசம் பிரிச்சுக்கலாம். பொண்ணு எங்கயும் போயிடப் போறதில்ல, வகுப்புலதான் இருக்கா. யாருக்கும் நஷ்டமில்ல.” கொஞ்சம் நிறுத்தி, “அந்த முப்பத்திநாலு வராட்டி நம்ம சராசரியும் கொஞ்சம் ஏறும். அதுக்காகச் சொல்லலை,” என்றார்.

அதுக்காகவும்தான் சொன்னார். நியாயமான யோசனைபோலவே இருந்தது என்பதுதான் சிக்கல். ஹெச்.எம். தலை கிட்டத்தட்ட ஆடிவிட்டது.

“சரி சார்,” என்றாள் அக்கா. நானே திடுக்கிட்டேன். “அப்ப தேர்வு அன்னிக்கு ஒருத்திக்குத்தான் விடைத்தாள் இருக்கும். நீ எழுது, நீ வெளிய உட்காருன்னு யாராச்சும் சொல்லணும்ல? நான் சொல்ல மாட்டேன். நீங்க போய்ச் சொல்லிட்டு வந்திடுங்க. இப்பவே சொன்னாக்கூட நல்லது. ரெண்டு பேரும் வெளியதான் நிக்கிறாங்க.”

கதவு திறந்திருந்தது. இரண்டு பெண்களும் தாழ்வாரத்தில் ஒரே தண்ணீர் பாட்டிலை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். சராசரி சார் கதவு வரை போனார். எல் அவரைப் பார்த்து, “சார், எனக்கும் பேர் ஏத்திட்டாங்களா?” என்றாள். சார் அவளுடைய நீளமான சட்டைக் கையைப் பார்த்தார். பிறகு, “ஏத்திக்கிட்டு இருக்காங்கம்மா,” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து தன் நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“வேறுன்னே அமுக்கு,” என்றார். “அந்த அதிகாரியோட இன்னொரு நம்பர் என்கிட்ட இருக்கு. என் மாணவன்தான். வகுத்தலே வராது அவனுக்கு.”

அக்கா ஹெச்.எம்.மைப் பார்த்தாள். அமுக்கப்போவது அவள் கை என்றாலும் பள்ளி அவருடையது. அவர் கைக்குட்டையைப் பைக்குள் வைத்து மூடினார்.

“அமுக்கும்மா. சிவப்பு வந்தா வரட்டும். இருக்கிற பிள்ளையை இல்லைன்னு சொல்லித்தான் பள்ளிக்கூடம் நடத்தணும்னா அந்தப் பலகை அங்கயே இருக்கட்டும்.”

அக்கா அமுக்கினாள். நான் இதுவரை அவளைப் பற்றி எழுதிய கிண்டலையெல்லாம் அந்த ஒரு சத்தத்துக்காக வாபஸ் வாங்கத் தயார். எழுத்தில் கேட்டால் தர மாட்டேன்.

பிறப்புச் சான்றுக்காக இரண்டு அம்மாக்களுக்கும் ஃபோன் போயிற்று. ஓரகத்திகள் இருவரும் வேலையிடத்திலிருந்து வீட்டுக்கு ஓடி, சான்றுகளை எடுத்துக்கொண்டு ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். வரும் வழியில் ஆரம்பித்த சண்டை அலுவலகத்துக்குள்ளும் தொடர்ந்தது.

“எங்க மாமியார் பேரு. நான்தான் முதல்ல வச்சேன்,” என்றார் மேல்வீட்டுக்காரர். “மார்ச் நாலு. இந்தாங்க.”

“ஒரு மாசம் முன்னாடி பெத்துட்டா பேரு சொந்தமாயிடுமாக்கா? நான் கல்யாணத்துக்கு முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருந்தேன். ஏப்ரல் மூணு, இந்தாங்க,” என்றார் கீழ்வீட்டுக்காரர்.

“ஸ்கூல்ல சேக்கும்போது யார்கிட்ட ரெண்டு பேரையும் ஒப்படைச்ச? என்கிட்டதான? என் நம்பரைத்தான் ரெண்டுக்கும் குடுத்தேன்.”

“அதான் என் பொண்ணை எல்லுன்னு எழுதி வச்சீங்களா?”

“நானா எழுதினேன்? சேர்க்கை மேசையில இருந்த ஆளு எழுதினாரு. முதல்ல உன் பொண்ணுக்கு எழுதும்போது எல்லுதான் போட்டாரு. நான் சத்தம் போட்டேன். அதுக்கப்புறம்தான் என் பொண்ணுக்குச் சரியா எழுதினாரு.”

“அப்ப என் பொண்ணுக்குத் திருத்தச் சொல்றதுக்கு என்ன?”

“சொன்னேன். ஒரு தடவை அடிச்சா அடிச்சதுதான்னாரு.”

அக்கா இரண்டு சான்றுகளையும் வாங்கி ஏற்றினாள். 04-03, 03-04. இரண்டும் சரி. தேதி எங்கும் இடம் மாறவில்லை. அண்ணன் தம்பி பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்கியதால் இனிஷியலும் சரி. அந்தச் சிஸ்டத்தில் எல்லாமே சரியாகத்தான் இருந்தது. அதை நம்பத்தான் யாரும் தயாராக இல்லை.

அதிகாரி சராசரி சாரின் எண்ணைப் பார்த்ததும் உடனே எடுத்தார். பழைய பயம். வீடியோவில் மேலிருந்து எடுத்ததில் அவர் நெற்றி மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

“சார், வணக்கம் சார். ஆனா சிஸ்டம் ஒரே ஆளுன்னு சொல்லுதே சார்.”

“சிஸ்டம் சொல்லுதுப்பா. நான் ரெண்டு பேரைப் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“ரெண்டு பேரையும் ஒரே ஃப்ரேம்ல காட்டுங்க.”

அக்கா இரண்டு பெண்களையும் திரைக்கு முன் நிறுத்தினாள்.

“உன் பேரு என்னம்மா?”

இசட்-ஹெச் சொன்னாள்.

“உன் பேரு?”

எல் அதையே சொன்னாள்.

“வேற வேற பேரா சொல்லுங்கம்மா.”

“வேற பேரு இல்லையே சார்,” என்றார்கள் இருவரும் சேர்ந்து.

அதிகாரி கொஞ்ச நேரம் நெற்றியைத் தடவினார். “இதை நான் என்னன்னு எழுதறது?”

“காரணம்னு ஒரு கட்டம் இருக்கும் சார்,” என்றாள் அக்கா. “‘ஒன்றுவிட்ட சகோதரிகள், ஒரே வீடு, நேரில் பார்க்கப்பட்டது’ன்னு போடுங்க. கட்டத்துக்குள்ள எழுத்து அடங்கும், எண்ணிப் பாத்துட்டேன்.”

“நேர்ல பாத்தது யாருன்னு கேப்பாங்களே?”

“என் பேரைப் போடுங்க.”

அவர் தட்டச்சு செய்யும் சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவில் ஒரு தலைமுறை கடந்தது. அக்கா திரையைப் புதுப்பித்தாள். மஞ்சள். மறுபடி புதுப்பித்தாள். மஞ்சள். சண்டை போட்டுக்கொண்டிருந்த ஓரகத்திகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள். எப்போது பிடித்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. ஐந்து மணிக்கு இன்னும் கொஞ்சம் இருக்கும்போது பட்டை பச்சையானது. ‘தனித்தனி மாணவர்கள். ஏற்கப்பட்டது.’

யாரும் கைதட்டவில்லை. சராசரி சார் மட்டும் மேசையை ஒரு குத்து குத்தினார். டீ தம்ளர் கவிழ்ந்தது.

தேர்வு நாளில் இருவரும் வந்தார்கள், இருவரும் எழுதினார்கள். காய்ச்சலில் கிடந்த சிலர் வரவில்லை. ஆனாலும் தொண்ணூற்றைந்தைத் தாண்டிவிட்டது, ஒரே ஓர் ஆள் வித்தியாசத்தில். அந்த ஓர் ஆள் எல் என்று அவள் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். கணக்குப்படி அது யாராகவும் இருக்கலாம். யாரும் திருத்தவில்லை.

பலகையைக் கழற்ற வட்டார அலுவலகத்திலிருந்து ஆள் வரவேண்டும் என்பது விதி. ஆள் வருவதற்குள் ஹெச்.எம். ஸ்டூல் போட்டு ஏறித் தானே கழற்றிவிட்டார். ஸ்டூலைப் பிடித்தது சராசரி சார்.

முடிவுகள் வந்த அன்று நான் அக்காவை அழைத்துவரப் போயிருந்தேன். கீழ்வீட்டு அம்மா அலுவலகத்தில் நின்றிருந்தார், முகம் கறுத்திருந்தது.

“முப்பத்தொண்ணு வாங்கியிருக்கா மேடம். மேல்வீட்டுக்காரி பொண்ணு எம்பது. நான் எப்படி மாடிப்படி பக்கம் தலைகாட்டுவேன்? இதுக்குப் பேசாம அந்தப் பொண்ணு கணக்குலயே இருந்திருக்கலாம், ஐம்பத்தாறாச்சும் வந்திருக்கும்.”

“அக்கா, ஐம்பத்தாறு வாங்கினவளுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர மாட்டாங்க,” என்றாள் என் அக்கா. “முப்பத்தொண்ணு வாங்கினவளுக்குச் சாயங்காலம் தனி வகுப்பு உண்டு, இன்னைக்கே ஆரம்பிச்சாச்சு. நாப்பதுக்குக் கீழ வாங்கினவங்க எல்லாருக்கும் வச்சே ஆகணும்னு உத்தரவு. கம்மியா மார்க் வாங்குறதுக்கும் முதல்ல பேருன்னு ஒண்ணு வேணும்ல?”

“யாரு எடுக்கிறாங்க?”

சுவருக்கு அப்பாலிருந்து சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்து அறையில் சராசரி சார், பின்னம் என்றால் என்ன என்று ஒரு பிள்ளைக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். “ரொட்டியை ரெண்டாப் பிச்சா அரை அரை. சரியா? ரெண்டு பேர் மார்க்கைச் சேத்து ரெண்டால வகுத்தா யாரு வருவா?”

“ஒருத்தரும் வர மாட்டாங்க சார்,” என்றது எல்லின் குரல்.

சார் வெகுநேரம் சிரித்தார். கீழ்வீட்டு அம்மா சுவரோடு காதை வைத்துக் கேட்டுவிட்டு, “என் பொண்ணு பேசறா,” என்றார், அலுவலகத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி.

அக்கா அதற்குள் அடுத்த வருஷச் சேர்க்கைப் பட்டியலைத் திறந்துவிட்டிருந்தாள்.

“வீட்டுக்குப் போலாமா?” என்றேன்.

“இருடா, இங்க ஒருத்தன் பிறந்த வருஷம் இன்னும் வரவே இல்ல.”

ஸ்கூட்டர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.